கடைசியாகத் தெரிந்த இடம்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வேலை, பேரிடர்களைச் சுருக்கிக் கொடுப்பது. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேன்சி ஸ்டோரின் மாடியில், போட்டித் தேர்வுக்கான பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மாதாமாதம் போடும் நடப்பு நிகழ்வுகள் தொகுப்பில் அறிவியல், சுற்றுச்சூழல், பொதுப் பாதுகாப்பு மூன்றும் என் பொறுப்பு. வருவாய்த் துறையில் பல வருடம் பேரிடர் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் அழைத்தார்கள். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, வியாபாரம் வராமல் சர்க்கார் வேலைக்குப் போனவன் நான். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: எந்த விஷயத்தையும் ஒரு பக்கத்துக்குள் அடக்குவது.

இங்கே ஒரு பக்கம்கூடக் கிடையாது. வெள்ளத்துக்கு ஒரு வரி. வெப்ப அலைக்கு இரண்டு வரி, அதை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டார்கள், கேள்வி வரும். பட்டாசு ஆலை வெடித்தால் உரிமம் தரும் அதிகாரி யார் என்று மட்டும் போதும். தேர்வு எழுதுகிறவருக்கு யார் இறந்தார்கள் என்பது வேண்டாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, நாட்டிலேயே முதலில் எங்கே, இவைதான் வேண்டும். இதில் எனக்கு வருத்தமில்லை. அலுவலகத்திலும் இதைத்தான் செய்தோம், கூடுதலாக மூன்று நகல் எடுத்தோம்.

எங்கள் வீட்டு மாடியறையில் ஜெகதாப்பட்டினத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். முப்பதைத் தாண்டியவள், இயற்பியல் படித்தவள், திருமணமானவள். கணவன் விசைப்படகில் டிரைவர். ஊர்ப் பேச்சில் அது ‘போட்டு’. மாமியார் வீட்டில் இருந்தால் மீன் வாடையும் விருந்தாளியும்தான் மிஞ்சும், படிப்பு மிஞ்சாது என்று கணவனே கொண்டுவந்து இங்கே விட்டிருந்தான். கடலுக்குப் போகாத நாட்களில் பையில் மீனோடு வருவான். நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் கீழே எங்களுக்கு முறுக்கு, மேலே அவளுக்கு மீன் என்று பிரித்துக்கொண்டு வந்தான்.

அவளுக்கு நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளுக்குப் பதில் சொல்லவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. மாதிரித் தேர்வு முடிந்து விடைக்குறிப்பு ஒட்டியதும், ஆதாரத்தோடு ஆட்சேபணை எழுதித் தரலாம் என்று எங்கள் மையத்தில் ஒரு வழக்கம். பெரிய தேர்வுகளில் நடப்பதைப் பார்த்து நாங்களும் வைத்துக்கொண்டது. ஆட்சேபணைப் பெட்டியைத் திறந்தால் பாதி அவளுடையது. பவளப் பாறை வெளிறுவதற்கு நான் ஒரு காரணம் எழுதினால் அவள் இரண்டு எழுதுவாள். புயல் கூண்டு பற்றி நான் கேட்டிருந்த கேள்வியையே செல்லாது என்றாள். “சார், மூணாம் நம்பர் கூண்டுக்கு நீங்க போட்ட அர்த்தத்த வச்சுக்கிட்டு கடலுக்குப் போனா ஒருத்தரும் திரும்பி வரமாட்டாங்க சார்” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். திருத்தினேன். வேறு வழியில்லை, அவள் சொன்னது சரி.

கார்த்திகை மாதத்துத் தொகுப்பில் விசைப்படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர் பற்றி எழுதினேன். செல்போன் கோபுரம் எட்டாத நடுக்கடலிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவி. ஆபத்து என்றால் ஒரு பட்டன், நாட்டின் கடல் எல்லை நெருங்கினால் ஒரு எச்சரிக்கை, படகு எங்கே இருக்கிறது என்பது கரையில் ஒரு திரையில் புள்ளியாகத் தெரியும். மாதிரித் தேர்வில் கேட்டேன்: இக்கருவி குறித்த கூற்றுகளில் தவறானது எது? நான்காவது கூற்று, ‘படகு இருக்குமிடத்தை எந்நேரமும் கரைக்குக் காட்டும்.’ எல்லாம் சரி, தவறு எதுவுமில்லை என்பது விடை. வகுப்பே சரியாக எழுதியது. அவள் மட்டும் நான்காவதைத் தவறு என்று குறித்திருந்தாள்.

“என்னம்மா, போட்டுக்காரர் வீட்டுலயே போட்டு கேள்வி போச்சு?” என்று மாடிப்படியில் நின்று கிண்டல் செய்தேன்.

“கவனக்குறைவு சார்” என்றாள். அதற்கு ஆட்சேபணை எழுதவில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது, ஆனால் மதியச் சாப்பாட்டில் மறந்துபோனது.

அந்த வாரம் சனிக்கிழமை விடிகாலையில் ஜெகதாப்பட்டினத்துப் படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயின. டோக்கன் என்பது மீன்துறை தரும் அனுமதிச் சீட்டு. புயல் எச்சரிக்கை இருந்தால் தரமாட்டார்கள். அன்று காலை அறிக்கையில் ‘தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு’ என்றுதான் இருந்தது. வாய்ப்புக்கெல்லாம் டோக்கனை நிறுத்தினால் வருடம் முழுக்க நிறுத்த வேண்டியதுதான். மதியத்துக்குள் வாய்ப்பு என்ற சொல் போய்விட்டது. காற்று வலுத்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். எல்லாப் படகுகளையும் உடனே திரும்பச் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். நான் இதையெல்லாம் டிவியில் பார்த்து, அடுத்த மாதத் தொகுப்புக்கு ஆகும் என்று மனத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது, அவள் படியிறங்கி வந்தாள். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அவள் கொழுந்தன், கணவனின் தம்பி, மீன் இறங்குதளத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தான். காற்று அவன் பேச்சைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது.

“மதினி, எல்லாப் போட்டும் வந்துருச்சு. அண்ணன் போட்டு மட்டும் காணும். வயர்லெஸ் மைக்ல கூப்புட்டுப் பாத்தாச்சு, பதில் இல்ல.”

“யாரு கடைசியாப் பாத்தது?”

“காலைல பக்கத்துல வலை இழுத்தவுகதான். அதுக்கப்பறம் இங்கிட்டு யாரும் பாக்கல.”

நான் எழுந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. அதைவிட, செய்வதற்கு ஒரு முறை இருக்கும் இடத்தில் மற்றவர்கள் பதறுவதைப் பார்க்கவும் வராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தேன். அங்கே அன்று பணியில் இருந்தவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே எழுத்தராக இருந்தவர்.

“சார் வணக்கம் சார்! இப்பத்தான் ஒங்கள நெனச்சேன்” என்றார். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் சொல்வதுதான். படகின் பதிவு எண்ணை அவள் சொல்லச் சொல்ல நான் ஒப்பித்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு மீன்துறையில் கேட்டு வந்தார். “ஒண்ணும் பயமில்ல சார். ஸ்கிரீன்ல புள்ளி இருக்கு. நம்ம பக்கந்தான். எல்லைக்கு ரொம்ப இங்கிட்டு. நாளைக்குக் காலைல கோஸ்ட் கார்டு கப்பல் ஒண்ண அந்த எடத்துக்கு அனுப்பச் சொல்லியாச்சு.”

நான் அவளைப் பார்த்து, எல்லாம் சரி என்று கையைக் காட்டினேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

“அந்த சிக்னல் எப்ப வந்ததுன்னு கேளுங்க சார்” என்றாள்.

கேட்டேன். காலையில் வந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. “சிக்னல் வீக்கா இருக்கும் சார், மழை மேகம்” என்றார் அவர். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும், அதுதான் முறை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். நன்றி சொல்லி வைத்தேன்.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் வாசல் கேட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன்.

“நீங்க வேற ஏன் குறுக்கயும் நெடுக்கயும் அளக்குறீங்க? அந்தப் புள்ளைக்குத் தலை சுத்துது” என்றாள் மனைவி.

“ஆச்சி, சார் நடக்கட்டும்” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அந்த எடத்துல போட்டு இல்ல சார்.”

“ஸ்கிரீன்ல இருக்குங்கறாரே.”

“அது குண்டான் கவுத்த எடம்.”

எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள், வகுப்பில் ஆட்சேபணை சொல்லும் அதே குரலில். கருவியின் கம்பியைப் பிடுங்கினால் கரையில் தெரிந்துவிடும், ஏன் பிடுங்கினாய் என்று கேள்வி வரும். ஆனால் டிரைவர் அறைக்கு மேலே இருக்கும் ஆன்டெனாவின் மீது, சோறாக்குகிற அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிட்டால், சிக்னல் போகாது. கரையில் இருப்பவர்களுக்கு வானிலை சரியில்லை என்று தோன்றும். நம் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, குண்டானைக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகு மீன் இருக்கிற திசைக்குப் போவார்கள். மீன் கிழக்கே இருக்கிறது. கிழக்கே எல்லை இருக்கிறது. திரும்பி வந்து குண்டானை எடுத்தால் புள்ளி மறுபடியும் நம் பக்கத்திலேயே விழிக்கும். பிடிபட்டால் அக்கரைக் கடற்படைக்குப் பதில் சொல்ல வேண்டும். பிடிபடாமல் வந்தாலும் கருவி காட்டிக்கொடுத்தால் நம் துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று குண்டான்.

“உலோகம் அலையத் தடுக்கும்னு பாடத்துல இருக்கு சார். அவருக்கு அதச் சொன்னவளே நாந்தான். சும்மா பேசிக்கிட்டு இருக்கறப்ப” என்றாள்.

ஆக, நான்காவது கூற்று தவறு. வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் சரியாக எழுதியிருந்தாள்.

“எஞ்சின் நின்னுருச்சுன்னா, அவுக பட்டன அமுத்தியிருப்பாக. குண்டான் மேல இருக்கறது ஞாபகம் வந்திருக்காது. காலைல கப்பல் போயி அந்தப் புள்ளிக்கிட்ட சுத்திச் சுத்தி வரும். அங்க வெறும் தண்ணிதான் இருக்கும்.”

கொழுந்தனை அழைத்தாள். அவனுக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. “மதினி, வாயத் தொறந்துறாதீக. மொதலாளி பக்கத்துலதான் நிக்கிறாரு. குண்டான்னு ஒரு வார்த்தை வெளிய போனா போட்டோட பதிவு போயிரும், மானிய டீசல் போயிரும். இந்தப் போட்டு மட்டுமில்ல, நாளைக்கு எல்லாப் போட்டுலயும் ஏறிச் சோத்துக் குண்டான எண்ணுவாக.”

பக்கத்திலிருந்து இன்னொரு குரல், படகு முதலாளியுடையது: “தங்கச்சி, காலைல காத்து அமர்ந்ததும் நம்ம போட்டே நாலு போகும். நாங்க தேடிக்கிறோம். நீ அங்கிட்டு ஆபீசர் வீட்டுல ஒக்காந்துக்கிட்டு ஒண்ணும் பேசாத.”

“கூண்டு ஏத்தியிருக்கு. டோக்கன் குடுக்க மாட்டாங்க. நீங்க எப்படிப் போவீங்க?”

கொழுந்தன் அழைப்பைத் துண்டித்தான்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. எனக்கு எப்போதும் ஒரு வழி தோன்றும். அதற்காகத்தான் அலுவலகத்தில் என்னை வைத்திருந்தார்கள். “குண்டானச் சொல்ல வேண்டாம். காத்துலயும் நீரோட்டத்துலயும் படகு கிழக்கே அடிச்சிட்டுப் போயிருக்கலாம்னு நான் சொல்றேன். தேடும் இடத்தைக் கிழக்கே நீட்டிக்கச் சொல்றேன். யாருக்கும் சேதமில்லை.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அடிக்கிறது வாடைக் காத்து சார். வடகிழக்கேருந்து வருது. எஞ்சின் செத்த போட்டு நம்ம கரையப் பாத்து ஒதுங்குமா, காத்த எதுத்துக்கிட்டு கெழக்க போகுமா? கப்பல்ல இருக்கறவுக சிரிப்பாக. சிரிச்சுட்டு தென்மேற்கால போயித் தேடுவாக.”

அது உண்மைதான். ஒரு பொய்யை வாக்கியமாகச் சரியாக எழுதினால் போதும் என்று நாற்பது பேர் உட்காரும் அலுவலகத்தில் பழகியவன் நான். அங்கே காற்று அடிக்காது.

“அப்ப பேரு வேண்டாம். தகவல் கிடைத்ததுன்னு மட்டும் சொல்றேன்.”

“பேரில்லாத தகவல் வந்தா ஒங்க ஆபீஸ்ல என்ன சார் பண்ணுவீங்க?”

“ஃபைல் பண்ணுவோம்” என்றேன்.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாடிப் பெண் போனைக் கேட்டுக் கையை நீட்டினாள். நான் கட்டுப்பாட்டு அறையை அழைத்துக் கொடுத்தேன்.

“சார், அந்தப் போட்டு டிரைவரோட வீட்டுக்காரி பேசுறேன். ஸ்கிரீன்ல நிக்கிற எடத்துல அவுக இல்ல. அங்கன வச்சு ஆன்டெனா மேல குண்டானக் கவுத்துட்டுக் கெழக்க போயிட்டாக. எல்லை லைனத் தாண்டித்தான் தேடணும்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏம்மா, இங்க பேசுறதெல்லாம் பதிவாகுது. தெரியுமா?”

“தெரியும் சார். நல்லாப் பதிவாகட்டும். என் பேரச் சொல்லவா?”

சொன்னாள். கணவன் பேரையும், முகவரியையும், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவார்கள் என்று அவன் பேச்சுவாக்கில் சொல்லி இவளுக்குத் தெரிந்ததையும் சொன்னாள். அவர் மறுபடி கேட்டதற்கு மறுபடி சொன்னாள். போனை என்னிடம் கொடுத்தாள்.

அன்று இருட்டுவதற்குள் அவள் போன் பல தடவை அடித்தது. முதலாளி ஒரு தடவை. அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. மீனவர் சங்கத்திலிருந்து ஒருவர் மரியாதையாகவே பேசினார், அது இன்னும் மோசமாக இருந்தது: “படிச்ச புள்ள, யோசிச்சுப் பேசியிருக்கலாம்.” மாமியார் அழுதாள், ஆனால் எதற்காக என்று சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்புகிறேன் என்று அவள் பையைத் தூக்கினாள். கொழுந்தன் தடுத்துவிட்டான். “இப்ப வராதீக மதினி. இங்கிட்டு சூடா இருக்காக.” கரண்ட் போனது. நான் டார்ச்சோடு நடந்தேன். என் மனைவி அவளைக் கீழே எங்கள் ஹாலிலேயே படுக்க வைத்தாள். யாரும் தூங்கியதாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மையத்தில் மாதிரித் தேர்வு. வினாத்தாள் நான் தயாரித்தது. போகவில்லை. அவள் வாசல் கேட்டருகே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படகு அந்த வழியாக வரப்போவதுபோல. நான் கட்டுப்பாட்டு அறையை அழைக்கப் போவதும், வேலையாக இருப்பவர்களை அழைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானே ஒரு காலத்தில் சுற்றறிக்கை விட்டது நினைவுக்கு வந்து நிறுத்துவதுமாக இருந்தேன். மழை வருவதும் நிற்பதுமாக இருந்தது.

வெயில் கொஞ்சம் தலைகாட்டியபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவரே அழைத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், ஆள் கெடச்சுட்டாங்க. நாலு பேரும் உசுரோட இருக்காங்க.”

என் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். மாடிப் பெண் போனை நோக்கிக் குனிந்தாள். “எங்க சார்?” என்றாள்.

“லைனுக்கு அந்தப் பக்கம். எஞ்சின் நின்னு நங்கூரத்துல கெடந்திருக்காங்க. பாதி தண்ணி உள்ள. நம்ம கப்பல் அங்க போக முடியாது. அதனால அந்தப் பக்கத்து நேவிக்கு இடத்தச் சொல்லி, தேடச் சொல்லிக் கேட்டாங்க. அவுங்க எடுத்துட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “எடுத்து, கைது பண்ணிட்டாங்க. போட்டு அவுங்ககிட்ட. நாளைக்குக் கோர்ட்டு.”

கைது என்ற வார்த்தை கடற்கரையில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை அந்தச் செய்தியை மேலே அனுப்பியிருக்கிறேன். அழுகிற பெண்களோடு மறியலில் பேசியிருக்கிறேன். அன்று எங்கள் வாசலில் அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு பெண் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கைதா, கைதா சார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். கைது என்றால் கணக்கில் வந்துவிட்டான். கைது செய்யப்பட்டவனுக்குப் பசிக்கும், அவன் படுப்பான், அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒருவர் முன்னால் நிறுத்துவார்கள். தண்ணீருக்குள் போனவனுக்கு இதெல்லாம் கிடையாது.

சிரிப்பு நின்றதும் கேட்டாள். “நாந்தானே சார் புடிச்சுக் குடுத்தேன்?”

“நீ சொல்லலைன்னா…” என்று என் மனைவி தொடங்கினாள்.

“அது தெரியும் ஆச்சி. புடிச்சுக் குடுத்ததும் நாந்தானே?”

நான் ஆமாம் என்றேன். அவளிடம் வேறு பதில் சொன்னால் ஆட்சேபணை வரும்.

அடுத்து வந்த நாட்கள் தூதரகத்துக்கு மனு, மீன்துறைக்கு மனு, அடையாளச் சான்றுகள் என்று போயின. அவளே எழுதினாள், நான் வார்த்தைகளைக் குறைத்தேன், அவள் மறுபடி சேர்த்தாள். துறையிலிருந்து ஜெகதாப்பட்டினத்துப் படகுகளில் ஏறிப் பார்த்தார்கள். கொழுந்தன் சொன்னதுபோல் குண்டானை எண்ணினார்களா என்று தெரியாது. ஆனால் அவளை ஊருக்குள் வரவேண்டாம் என்று சங்கத்தில் பேசிவிட்டார்கள் என்று அவனே வந்து சொன்னான். அவளுடைய துணிகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்திருந்தான். தலையைத் தூக்காமல் டீ குடித்துவிட்டுப் போனான்.

அந்த வாரக் கடைசியில் கணவன் அங்கிருந்து பேசினான். யாரோ ஒரு அதிகாரியின் போன். மாடிப்படியில் நின்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ரகசியம் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“சாப்டீகளா?” என்றாள் முதலில்.

“போடுறாங்க. கொழம்புல தேங்காய அள்ளி ஊத்துறாங்க. நாலு பேருக்கும் வயிறு சரியில்ல.”

“பட்டன அமுத்துனீகளா?”

“அமுத்து அமுத்துன்னு அமுத்துனோம். தண்ணி எறைக்கக் குண்டானத் தேடுறப்பத்தான்டி அது எங்க இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள கருவிப் பொட்டி நனஞ்சுபோச்சு.” அவன் இருமினான். “ஆமா, இந்த எடத்த அவுகளுக்கு யாரு சொன்னது? நேரா வந்து நின்னாக.”

“நாந்தான்.”

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

“அதான பாத்தேன்” என்றான் அவன். “சங்கத்துல ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டானே. மொதலாளி என்னங்கறாரு?”

“என்னைய ஊருக்குள்ள வரக்கூடாதுங்கறாக.”

“என்னையுந்தான் இங்கேருந்து போகக்கூடாதுங்கறாக. இரு, நான் வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணாவே போவோம்.”

அந்த அதிகாரி போனைக் கேட்கும் சத்தம் கேட்டது. அழைப்பு நின்றது. அவள், அடுத்த வாய்தாவுக்கு முன்னால் இங்கிருந்து என்னென்ன போய்ச் சேர வேண்டும் என்று கேட்டாள். நான் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.